இலைக்கோழியின் எட்டுக் கால்கள்

என்னோடு வேலை பார்த்த அக்காவைப் பற்றி நான் சொல்வதெல்லாம் உண்மையா என்று என்னைக் கேட்கக் கூடாது. எனக்கே தெரியாது. தன் அப்பாவைப் பற்றி என்னிடம் ஒரு கதை சொன்னார், கேண்டீன்காரரிடம் வேறொரு கதை. சுரங்கம் மூடிய பிறகு அப்பா தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்குக் காவல் வேலைக்கு வந்து போனார் என்பது எனக்குச் சொன்னது. கேண்டீன்காரருக்கு அப்பா ராணுவத்தில் இருந்தவர். "ரெண்டுல எது நெசம், அக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ரெண்டுத்துலயும் அவரு நல்ல மனுசன்தானே? உட்டுத் தொலை" என்றார்.

பொம்மசந்திராவில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை அது. நான் டெஸ்பாட்ச் பிரிவு, அவர் க்வாலிட்டி. ஓடுகிற பெல்ட்டில் மாத்திரை இல்லாத ஒரு குழியை எட்டி நின்றே பார்த்துவிடும் கண் அவருக்கு. வேலையில் ஒரு சின்னப் பொய் கிடையாது. சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் குறையுள்ள பெட்டியை விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தோளில் மாட்டிவிட்டால் மட்டும் அந்த வாயிலிருந்து உண்மை வருவது நின்றுபோகும்.

ஞாயிறு காலைகளில் என்னைத் தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஏரி ஏரியாகப் போவார். என்னிடம் கேமரா இல்லை. பறவை ஆர்வமும் பெரிதாக இல்லை. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து சந்தாபுராவில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே கிடந்தால் பக்கத்துக் கட்டில்காரியின் கல்யாணப் பேச்சுவார்த்தையைக் கேட்டுத் தொலைக்க வேண்டும். அதற்கு ஏரியே மேல். அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. கரையோர நாய்கள் என்றால் அவருக்குப் பயம். "நாய் வந்தா நீ முன்னாடி நில்லு, அதுங்களுக்கு உன் மொகரையப் பாத்தா பயம் வரும்" என்பார். என் முகம் அப்படி. கோபமோ சந்தோஷமோ, உள்ளே இருப்பதை அப்படியே வெளியே ஒட்டிவிடும்.

அவர் எடுப்பதெல்லாம் நீர்ப்பறவைகள். அதுவும் குஞ்சோடு இருந்தால்தான். தனியாக நிற்கும் நாரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். முதுகில் குஞ்சைச் சுமக்கும் முக்குளிப்பானுக்காக இடுப்பு பிடித்துக்கொள்கிறவரை சேற்றில் குந்தியிருப்பார். படம் நன்றாக வந்துவிட்டால் அதை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருக்கமாட்டார். பெரிய பெரிய லென்ஸ்காரர்கள் இருந்த குழு அது. அவர்கள் 'ஆஹா' என்று எழுதுவதைப் பார்த்தால் அக்காவின் காது நுனி சிவக்கும். "படத்த எடுத்து பொட்டில பூட்டி வெக்க நான் இன்னா லூசா?" என்று என்னிடம் நியாயம் பேசுவார்.

போட்ட உடனே கேள்வி வரும். எந்த ஏரி?

அங்கேதான் அக்காவின் திறமை. ஆனேக்கல் பக்கம் எடுத்த படத்துக்கு ஹொசகோட்டை தாண்டி என்று எழுதுவார். எழுதுவதோடு விடமாட்டார். "மெயின் ரோட்ல ஒரு டீக்கடை வரும் சார், பக்கத்துலயே பஞ்சர் கடை. டீக்கடைக்காரருக்கு ஒரு கை கொஞ்சம் வராது. அவரைக் கேளுங்க, வழி சொல்லுவார்." அப்படி ஒரு கடை உலகத்திலேயே கிடையாது. ஆனாலும் அந்தக் கடையைத் தேடி நாலைந்து கார்கள் போய் வந்திருக்கின்றன. கிடைக்காமல் திரும்பியவர்கள் முதலில் தங்களுக்குத்தான் வழி தெரியவில்லை என்று வருத்தப்பட்டார்கள்.

"பொய்க்கு ஒரு டீக்கடை வேணும். வெறும் பொய்ய எவன் நம்புவான்?" இது அவர் அடிக்கடி சொல்வது.

எனக்கு எரிச்சலாக இருக்கும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடியே சண்டை போடுவேன். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லமாட்டேன் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்பேன். "நேரா சொன்னா மொறைப்பாங்க. மொறைச்சவன் தேடுவான். பொய் சொன்னா நன்றி சொல்லிட்டுப் போவான்" என்பார். எனக்குப் பொய் வராது. பெருமைக்குச் சொல்லவில்லை. விடுதி வார்டனிடம் தலைவலி என்று சொல்லக்கூடத் துப்பில்லாமல் எத்தனையோ முறை மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன்.

ஏன் இப்படி என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார். மாற்றி மாற்றிச் சொல்லாத கதை அது ஒன்றுதான் என்பதால் அதை மட்டும் நம்புகிறேன். எனக்கு அவர் பழக்கமாவதற்கு முன்னால், ஒரு ஏரியில் முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டியிருந்தது. அக்கா அதைத் தன் சிநேகிதி ஒருத்திக்கு மட்டும் சொன்னார். சிநேகிதி தனக்கு வேண்டியவருக்கு மட்டும் சொன்னாள். அவரும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்க ஆள். யாரும் கெட்டவர்கள் இல்லை என்று அக்கா அழுத்திச் சொன்னார். ஒருவர்கூடக் கல்லெறியவில்லை, கத்தவில்லை. எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் கிட்டே போக வேண்டும், அவ்வளவுதான். தாய்ப்பறவை முட்டைகளின் மேல் பாசியை இழுத்து மூடிவிட்டு இறங்கிப் போனது. ஆட்கள் நகர்ந்ததும் திரும்பி வரலாம் என்று தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மாலை வரை யாரும் நகரவில்லை. காகங்கள் பாசியை விலக்கிப் பார்த்துவிட்டன.

"அத்தன லென்சும் அதப் படம் புடிச்சுது" என்றார் அக்கா.

அந்த லென்ஸ்காரர்களின் ஒரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏரிக்கு வந்ததும் அவர்கள் தண்ணீரைப் பார்ப்பதில்லை. மற்றவர்களின் லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒருமுறை ஒரு கரையில் ஏழெட்டுப் பேர் ஒரு புதரை நோக்கிக் கேமராவை நிறுத்தி மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். என்ன பறவை என்று அக்கா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். யாருக்கும் தெரியவில்லை. முதலில் வந்தவர் கேமராவைச் சும்மா அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போயிருந்தார். அக்கா ஸ்கூட்டரை ஓட்ட முடியாமல் சிரித்தார்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் ஏரிக்கு இலைக்கோழி வந்தது. ஆனேக்கல் போகிற வழியில் உள்ள ஏரி. பெயரைச் சொல்லமாட்டேன். தாமரை இலைமேல் நடக்கிற பறவை அது. கறுத்த உடம்பு, வெண்கல நிற இறக்கை, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. காலைவிட விரல்கள் நீளமோ என்று தோன்றும். முட்டையிட்டதும் தாய் வேறு சேவலைத் தேடிப் போய்விடும் என்றும், அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது தகப்பன்தான் என்றும் அக்கா சொன்னார். வழக்கம்போல இதுவும் பொய்யென்றே நினைத்தேன். பார்த்த பிறகுதான் நம்பினேன். நான்கு குஞ்சுகள். ஆபத்து என்றால் தகப்பன் இறக்கையைச் சற்றே விரித்துக் குந்தும். குஞ்சுகள் ஓடிப்போய் அடியில் நுழையும். இறக்கையால் அவற்றை அணைத்துக்கொண்டு எழுந்து நடக்கும். வெளியே குஞ்சுகளின் கால்கள் மட்டும் தொங்கும்.

அந்தத் தொங்கும் கால்களைத்தான் அக்காவுக்கு எடுக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக அவர் மனத்தில் இருந்த படம். "எட்டுக் காலு தொங்கணும். அத்த எடுத்துட்டா கேமராவ வித்துடுவேன்" என்றார். அது பொய் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அந்த ஆசை பொய்யில்லை. ஞாயிறுக்கு ஞாயிறு போனோம். ஒருமுறை தகப்பன் குந்தி எழுந்தபோது வெளிச்சம் இல்லை, இன்னொருமுறை இலை மறைத்தது. நான்கு குஞ்சுகளும் இலைமேல் மேய, தகப்பன் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று மட்டும் நன்றாக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, காது நுனி சிவக்க ஆசைப்பட்டு, அதைக் குழுவில் போட்டார்.

படத்திலிருந்து கரையை வெட்டித்தான் போட்டார். மரத்தை வெட்டினார், மின்கம்பத்தை வெட்டினார். ஏரியை அடையாளம் காட்டுகிற எதையும் விட்டுவைக்கவில்லை என்று நினைத்தார். இலைகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்குள் கரையோரத் தண்ணீர்த் தொட்டி தலைகீழாக நின்றது. இளஞ்சிவப்பு நிறம், நடுவில் நீலப் பட்டை. காலி மாத்திரைக் குழியை எட்டி நின்றே பார்க்கிற கண் அதைப் பார்க்கவில்லை. அவர் குஞ்சுகளைத்தான் பார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை மதியம் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழுவில் செய்தி வந்தது. அனுப்பியவர் மல்லேஸ்வரத்துக்காரர், குழுவில் பெரிய கை. எல்லாரும் அவரை 'சார்' என்றே கூப்பிடுவார்கள். அக்காவின் படத்தையே தலைகீழாகத் திருப்பிப் போட்டு, தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, ஏரியின் பெயரையும் எழுதியிருந்தார். "சரிதானேம்மா?" என்று கீழே ஒரு சிரிப்புப் பொம்மை.

அக்காவின் கை சாதத்திலேயே நின்றுவிட்டது.

"இல்லைன்னு போடுக்கா. வேற ஏரியிலயும் இந்த மாதிரி தொட்டி இருக்குன்னு சொல்லு. டீக்கடை வெச்சு எதுனா சொல்லேன்!" அவரைப் பொய் சொல்லச் சொல்லி நான் கெஞ்சியது அன்றுதான்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகத் தட்டினார். "ஆமா சார், அதே ஏரிதான். நாளைக்குக் காலைல நான் அங்கதான் இருப்பேன். வாங்க."

"பைத்தியமாக்கா உனக்கு?"

"சும்னே இரு. இல்லைன்னா ஏரிய சுத்தித் தேடுவாங்க. ஆமான்னா நேரா என்கிட்ட வந்து நிப்பாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "உன் மொகரைதான் எனக்குப் பயம். நாளைக்கு துப்பட்டாவ இழுத்து மூடிக்கினு வா."

அக்காவின் டீக்கடைகள் அதற்குள் குழுவில் பலருக்குப் பிடிபட்டிருந்தன, அதனால் அவர் சொன்னதை நம்பவில்லை. அக்காவாவது, உண்மையைச் சொல்வதாவது என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் அந்த டீக்கடையை இன்னும் தேடுவதாக எழுதினார். சார் நம்பினார்.

ஞாயிறு விடிந்தபோது தூறல். எங்களுக்கு இடது பக்கம் தாமரைப் பரப்பு. வலது பக்கம் வெறும் பாசியும் நாலைந்து நாமக்கோழிகளும். அக்கா முக்காலியை விரித்துக் கேமராவை வலது பக்கம் திருப்பினார். தாமரைக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு, சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என்னை எதிரில், கல்லின் மேல் உட்காரச் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் தாமரைப் பரப்பு முழுக்க எனக்குத் தெரிந்தது. தகப்பன் பறவை அங்கேதான் இருந்தது, இலைக்கு இலை தாவிக்கொண்டு. குஞ்சுகள் பின்னால். "எண்ணாத. பாக்காத. என்னையே பாரு" என்றார் அக்கா.

கார் வந்தது. சாரும் இரண்டு இளைஞர்களும் இறங்கினார்கள். ஒருவன் டிக்கியிலிருந்து மடித்த ரப்பர் மிதவை ஒன்றை எடுத்துக் கரையில் போட்டு, காலால் மிதித்துக் காற்றடிக்க ஆரம்பித்தான். தண்ணீருக்குள்ளேயே போய், பறவையின் கண் மட்டத்திலிருந்து எடுக்கவாம். புஸ், புஸ் என்று அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. அது நிரம்பினால் நேராகத் தாமரைக்குள் இறங்கும்.

சார் வந்ததும் தண்ணீரைப் பார்க்கவில்லை. அக்காவின் லென்ஸைப் பார்த்தார். பிறகு அது காட்டிய பக்கம் பார்த்தார். "அங்கயாம்மா?"

"அந்தப் பாசித் திட்டு தெரியுதா சார்? அதுக்குப் பின்னாடி. இப்பத்தான் உள்ள போச்சு. அஞ்சு நிமிசம்." அக்காவின் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மூன்று முக்காலிகள் வரிசையாக விரிந்தன. மூன்று லென்ஸ்களும் வலப்புறம் திரும்பின. சார் ஃபிளாஸ்க்கிலிருந்து எங்களுக்கும் காபி ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மிதவைக்காரன் காற்றடித்து முடித்து, "எறங்கட்டா சார்?" என்றான்.

"பேடாப்பா, தண்ணி ஆடினா அது வெளிய வராது. வரட்டும், அப்புறம் எறங்கு" என்றார் அக்கா. அவன் மிதவையின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

அப்போதுதான் பருந்து வந்தது. தாமரைக்கு மேலே ஒரு வட்டம், பிறகு தாழ இன்னொரு வட்டம். தகப்பன் கீச்சென்று கத்தியது. அக்காவின் கழுத்து நரம்பு ஒன்று எழுந்தது. தலை திரும்பவில்லை.

"அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேக்கறதே?" என்றார் சார்.

"தாழைக்கோழி சார். அதுக்கு வேற வேலையில்ல, கத்திக்கினே கெடக்கும்." சொல்லிக்கொண்டே அக்கா பொத்தானை அழுத்தினார். டடடடவென்று கேமரா ஓடியது. அங்கே ஒன்றுமேயில்லை. வெறும் பாசி. "வந்துச்சு, வந்துச்சு, எலைக்குப் பின்னாடி!" என்றார். மூன்று கேமராக்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு டடடடவென்று ஓடின. ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு மட்டும்தான் கண் அந்தப் பக்கம் இருந்தது. தகப்பன் குந்தியது. குஞ்சுகள் இறக்கைக்கு ஓடின. பருந்து சரேலென இறங்கி ஏறியது. அதன் கால் விரல்களில் சின்னதாக என்னவோ இருந்தது. கத்திவிடுவேன் என்று பயந்து துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு தகப்பன் எழுந்தது. தாமரைப் பரப்பின் ஓரமாக, கரைக்கு மிகக் கிட்டே, இலைகள் விலகிய வெளிச்சத்தில் நடந்து வந்தது. தூறல் நின்று மேகம் கொஞ்சம் வழிவிட்டிருந்தது. இறக்கைக்கு அடியில் கால்கள் தொங்கின, மெல்லிசாக, ஆடிக்கொண்டு. இத்தனை வருஷம் அக்கா தேடிய படம் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்து போனது. அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். கழுத்தைத் திருப்பினால் போதும். அவர் திரும்பவில்லை. வெறும் பாசியைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது.

எண்ணாதே என்று சொல்லியிருந்தார். எண்ணிவிட்டேன். ஆறு கால்கள்.

தகப்பன் கோரைக்குள் போய் மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சார் தன் கேமராவின் திரையில் பாசிப் படங்களாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு ஒண்ணுமே மாட்டலியேம்மா."

"எனக்கும்தான் சார். ஒரு நிழலு ஓடினாப்பல இருந்துச்சு. நேத்தே பருந்து சுத்திக்கினு இருந்தது. குஞ்சுங்களத் தூக்கினு போயிருக்கும்னு நெனைக்கறேன்." அவர் பொய்தான் சொன்னார். பருந்து இறங்கியதைப் பார்த்த எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

"ச்சு, பாவம்" என்றார் சார். மனதாரச் சொன்னார். மிதவையிலிருந்து காற்றைப் பிடுங்கினார்கள். இன்னொரு ஏரிக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது என்று கிளம்பினார்கள். கார் ரோட்டுக்கு ஏறும்வரை அக்கா ஸ்டூலிலிருந்து அசையவில்லை.

"போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்கக்கா."

"நடந்துச்சா? தூக்கினு நடந்துச்சா?"

"நடந்துச்சுக்கா. கரை ஓரமா. வெளிச்சத்துல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "எத்தினி காலு?"

அவர் கண் மூடியிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டேன்.

"எட்டு" என்றேன். அது வெறுமனே கிடந்த மாதிரி இருந்தது. அதனால் மேலும் சொன்னேன்: "கடைசிக் குஞ்சு மட்டும் சரியா உள்ள போகலக்கா. அதோட ஒரு கால் தண்ணியில கோடு போட்டுக்கிட்டே வந்துச்சு. அப்பன் ஒரு எடத்துல நின்னு, அத இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக்கிச்சு."

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார், பெல்ட்டில் ஓடுகிற அட்டையைப் பார்ப்பதுபோல. என் முகத்தில் கண்கள் மட்டும்தான் வெளியே இருந்தன. அதுவே அவருக்குப் போதும்.

"டீக்கடை நல்லாத்தான் வெச்சிருக்க" என்றார்.

முக்காலியை மடித்தார். தாமரைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.